சிங்கப்பூர் ஆறுகளின் நீர்நாய்க் குடிகள்

நீர்நாய் என்னும் பெயர் தமிழுக்குப் புதியதன்று. ஐங்குறுநூறு, குறுந்தொகை, அகநானூறு ஆகிய சங்கத் தொகை நூல்களின் மருதத் திணைப் பாடல்களில், அது நீர்நிலைகளில் வாழ்வதும் வாளை மீனை வேட்டையாடுவதும் சொல்லப்படுகின்றன. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தையை நாடிச் சென்று மீண்ட தலைவனைத் தலைவியோ தோழியோ இடித்துரைக்கும்போது, அவனுடைய ஊருக்கு அடையாளமாக நீர்நாய் அங்கே வந்து நிற்கும். குடும்பத்தை மறந்தவனின் ஊரைச் சுட்டுவதற்குப் புலவர்கள் தேர்ந்துகொண்ட அவ்விலங்கு, உண்மையில் தன் குடும்பத்தைப் பிரியாது வாழும் இயல்புடையது. இதனை இன்றைய விலங்கியல் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

தமிழகத்தில் காவிரியிலும் மோயாற்றிலும் இன்றும் நீர்நாய்கள் உண்டு. அவை பெரும்பாலும் மனித நடமாட்டம் குறைந்த கரைகளை நாடுபவை. ஆனால் தமிழர் வாழும் நாடுகளுள் ஒன்றான சிங்கப்பூரில், வானளாவிய கட்டடங்களின் நிழலில், அலுவலகத்துக்கு விரைவோரின் கண்முன்னே, அதே இனத்து நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக நீந்துகின்றன. இக்காட்சி தொன்றுதொட்டு வந்ததன்று. 1970களில் இந்நகரத்து ஆறுகளில் நீர்நாயைக் காண இயலாது. போனது எவ்வாறு, மீண்டு வந்தது எவ்வாறு, வந்தபின் நிலைத்தது எவ்வாறு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடினால், ஒரு விலங்கின் வரலாற்றோடு ஒரு நகரத்தின் வரலாறும் உடன் விரியக் காணலாம்.

உழைத்த ஆறு

சிங்கப்பூர் ஆறு நீளத்தில் சிறியது. ஆனால் அது சுமந்த பாரம் பெரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கும் இடையே சரக்குப் படகு செலுத்தியோருள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர் பலர் இருந்தனர். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. தொங்கான்கள் ஆற்றை நிறைத்தன. பிராஸ் பாசா ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்தனர். அவர்கள் நினைவாகவே அவ்விடம் இன்றும் தோபி காட் எனப்படுகிறது. சிராங்கூன் சாலையை ஒட்டி, ரோச்சோர் ஆற்றின் ஈரநிலத்தில் எருமைகளும் மாடுகளும் வளர்ந்தன. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். இன்று தேக்கா என்றும் லிட்டில் இந்தியா என்றும் வழங்கும் வட்டாரம், நீரும் புல்லும் இருந்தமையால் உருவான கால்நடைப் பேட்டையே ஆகும்.

இவ்வாறு நகரம் முழுவதும் ஆறுகளையும் ஓடைகளையும் நம்பி உழைத்தது. உழைப்பின் கழிவும் அவற்றிலேயே சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் காலாங் வடிநிலத்தில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் பெருகின. வடிகால் வசதியற்ற குடிசைகளின் கழிவும், தெருவோர உணவுக்கடைகளின் எச்சிலும், படகுப் பட்டறைகளின் எண்ணெயும் நீரில் கலந்தன. ஆறு கறுத்தது, அதன் நாற்றம் தொலைவிலேயே வழிப்போக்கரைத் தடுத்தது. மீன் வாழாத நீரில் மீனையே உணவாகக் கொண்ட விலங்கு எவ்வாறு வாழும்? நீர்நாய்கள் அகன்றன. அவை சென்றதை எவரும் பெரிதாகக் கருதவில்லை. வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருந்த மக்களுக்கு அதற்கு நேரமும் இல்லை.

பத்தாண்டுப் பணி

1977ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில், அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஓர் அறைகூவல் விடுத்தார். பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்பதே அதன் சாரம். அன்று அது நடவாத செயலாகவே பலருக்குத் தோன்றியிருக்கும்.

பணி தொடங்கியது. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. காலாங் வடிநிலத்தில் இருந்த 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருவோர வணிகர் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 1983இல், ஆற்றில் நெருங்கிக் கிடந்த சரக்குப் படகுகள் யாவும் பாசிர் பாஞ்சாங் கரைக்கு அனுப்பப்பட்டன. ஆற்றின் அடியில் உறைந்திருந்த சேறும் குப்பையும் வாரியெடுக்கப்பட்டன. குடியமர்த்தும் செலவு நீங்கலாகவே சுமார் 170 மில்லியன் வெள்ளி செலவாயிற்று. 1987இல் ஆறுகள் தூய்மையடைந்தன என அறிவிக்கப்பட்டு, பணியை முன்னின்று நடத்திய அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

இதனை வெற்றி வரலாறு என்று மட்டும் எழுதிவிடுதல் முறையாகாது. ஆற்றங்கரையே வீடும் தொழிலுமாய் இருந்தவர்கள் தம் அண்டை அயலாரைப் பிரிந்தனர். தலைமுறை தலைமுறையாகப் படகு செலுத்தியவரின் தொழில் ஒரே நாளில் கரையேறியது. பண்ணை வைத்திருந்தவர் பலர் முதுமையில் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று. இன்று நீர்நாய் நீந்தும் தெளிந்த நீருக்கு அவர்களும் விலை கொடுத்தவர்களே. நீர்நாயைப் போற்றுவோர் இதனை மறத்தல் ஆகாது.

மீட்சி

ஆறு தூய்மையான உடனே நீர்நாய் வந்துவிடவில்லை. பத்தாண்டுக்கு மேல் கடந்து, 1998இல், தீவின் வடமேற்கு மூலையிலுள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் ஓர் இணை காணப்பட்டது. குறுகிய நீரிணைக்கு அப்பாலுள்ள ஜோகூரிலிருந்து அவை நீந்தி வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அவை அங்கே தங்கின, குட்டி ஈன்றன. அவற்றுக்குப் பின் பிறந்தவையும் புதிதாக வந்தவையும் கடலோரமாகப் பரவின.

நகரின் உட்பகுதிக்கு அவற்றை வரவழைத்தது மற்றொரு மாற்றம். 2006இல் தொடங்கிய நீர்நிலை மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், பீஷான் அங் மோ கியோ பூங்காவை ஒட்டி நேர்க்கோடாகக் கிடந்த காலாங் ஆற்றின் சிமெண்டுக் கால்வாய் உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் கல்லும் மண்ணும் செடியும் கொண்டு, வளைந்து நெளிந்து ஓடும் மூன்று கிலோமீட்டர் ஆறு 2012இல் உருவாயிற்று. கரை மீண்டும் கரையாயிற்று. 2014இல் அங்கே ஓர் இணை குடிபுகுந்தது. அடுத்த ஆண்டிலேயே குட்டிகளும் மூத்த பிள்ளைகளுமாகப் பத்துத் தலைகள் கொண்ட குடும்பமாக அது வளர்ந்து, மக்களிடையே 'பீஷான் பத்து' எனப் பெயர் பெற்றது.

இந்நகரத்து மக்கள் அக்குடும்பங்களுக்குப் பெயரிட்ட முறையும் நோக்கத்தக்கது. பீஷான் குடும்பம், மரினா குடும்பம், ஸூக் குடும்பம் என அவை வாழும் அல்லது வாழ்ந்த இடத்தால் அவற்றை அழைத்தனர். ஊர்ப் பெயரால் குடியை அறியும் பழக்கம் தமிழர்க்கு அயலானதன்று. தன்னார்வலர் பலர் விடியற்காலையில் கரைதோறும் சென்று, எந்தக் குடும்பத்தில் எத்தனை குட்டி, எது பிரிந்தது, எது இறந்தது என்று குறித்துவருகின்றனர். அரசர்களின் மரபை மெய்க்கீர்த்திகள் பொறித்து வைத்தன. ஆற்று விலங்குகளின் மரபை இங்கே சாதாரணக் குடிமக்கள் எழுதிவைக்கின்றனர்.

குடும்பம் என்னும் கோட்டை

நகரத்தில் காணப்படுவது மென்மயிர் நீர்நாய். வளர்ந்த விலங்கு ஏழு முதல் பதினொரு கிலோ எடையும், மூக்கு முதல் வால்நுனி வரை ஒரு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடையது. தனித்து நோக்கினால் இது பேராற்றல் வாய்ந்த விலங்கன்று. இதன் ஆற்றல் கூட்டத்தில் உள்ளது. அக்கூட்டமோ வழியில் சேர்ந்த கும்பல் அன்று. ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் முந்தைய ஈற்றுப் பிள்ளைகள், புதிய குட்டிகள் என அமைந்த குடும்பமே ஆகும்.

சூல் காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். பிறக்கும் குட்டிக்குக் கண் திறந்திராது. கரையோரப் பொந்தில் அதனைத் தாய் பேணுங்கால், தமக்கையரும் தமையன்மாரும் காவல் நிற்கின்றனர். சற்று வளர்ந்தபின் மீன் கொணர்ந்து ஊட்டுகின்றனர். நீர்நாய்க் குட்டி பிறவியிலேயே நீந்தத் தெரிந்ததன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும். அது நீரைக் கண்டு அஞ்சிக் கரையிலேயே கத்திக்கொண்டு நிற்கும். பெரியவை அதன் பிடரியைக் கவ்வி நீருக்குள் இழுத்துச் செல்லும், மூழ்கினால் மேலே தூக்கும், மீண்டும் விடும். சில நாட்களில் அச்சம் போய்விடும். பின்னர் வேட்டைப் பாடம். கூட்டத்தினர் அணிவகுத்து நீந்தி மீன் கூட்டத்தை ஒதுக்கி வளைக்கின்றனர். நாளின் முடிவில் மணலில் புரண்டு உடலை உலர்த்தி, ஒன்றன் மயிரை ஒன்று கோதி, ஒரே குவியலாகக் கிடந்து உறங்குகின்றனர். ஒன்று காணாமற்போனால் மற்றவை கூவி அழைக்கும். விடை வரும்வரை அவ்விடத்தை விட்டு எளிதில் நகர்வதில்லை.

இதன் தனித்தன்மை விளங்க, சிங்கப்பூரின் மற்றொரு நீர்வாழ் உயிரோடு ஒப்பிடலாம். தெற்கேயுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவு, லாசரஸ் தீவு, சிஸ்டர்ஸ் தீவுகள் ஆகியவற்றைச் சூழ்ந்த கடலில் இளஞ்சிவப்பு நிறமுடைய கூனல்முதுகு ஓங்கில்கள் அவ்வப்போது தோன்றுவதுண்டு. டால்பின் என்று இன்று பலரும் அழைக்கும் ஓங்கில், உலக ஆய்வாளர்களைப் பெரிதும் கவர்ந்த கூட்டு விலங்கு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 1980களிலிருந்து நடந்துவரும் ஆய்வுகள், ஆண் ஓங்கில்கள் இரண்டும் மூன்றுமாக உடன்படிக்கை செய்தவைபோல் இணைந்து வாழ்வதையும், அவ்விணைகள் வேறு இணைகளோடு கூட்டுச் சேர்வதையும் வெளிப்படுத்தின. ஆயினும் ஓங்கில் கூட்டத்தின் உறுப்பினர் மணிக்கொரு முறையும் மாறக்கூடும். காலையில் ஒரு கூட்டம், மாலையில் மற்றொரு கூட்டம். தனக்கென ஒரு சீழ்க்கை ஒலியைக் கொண்டு ஒவ்வொன்றும் தன்னை அறிவித்துக்கொள்கிறது. அது சந்தையில் கூடிப் பிரியும் நட்பை ஒத்தது. நீர்நாயின் உறவோ ஒரே கூரையின்கீழ் வாழும் கூட்டுக்குடும்பத்தை ஒத்தது. காலையில் பத்து எனின், மாலையிலும் பத்தே.

இவ்விரு விலங்குகளின் கூட்டு வேட்டையையும் மனிதன் பயன்படுத்திக்கொண்டதுண்டு. பிரேசில் நாட்டின் லகூனா நகரில் ஓங்கில்கள் மீன்களைக் கரைப்பக்கம் ஒதுக்க, மீனவர் வலை வீசுவர். வங்கதேசத்தின் நராயில் பகுதியில் மீனவர் பழக்கிய நீர்நாய்களைக் கொண்டு மீனை வலைக்குள் விரட்டுவர். இயற்கையில் குடும்பம் காக்க எழுந்த திறன், மனிதனுக்கும் சோறிட்டது.

எல்லைப் போர்

குடும்பத்துக்கு உள்ளே இத்துணை அன்பு; வெளியே? இங்கேதான் நீர்நாயின் வரலாறு கசக்கிறது.

ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஆற்றின் ஒரு பகுதியை வரையறுத்துக்கொள்கிறது. கரையில் குறிப்பிட்ட இடங்களில் எல்லாம் சேர்ந்து கழிவிட்டு, அந்த நாற்றத்தையே எல்லைக்கல்லாக நாட்டுகின்றன. அதனைக் கடந்து வருவது அயற்குடி, அயற்குடி பகை. பீஷான் குடும்பம் 2015இல் ஆற்றோடு கீழிறங்கிக் காலாங் வடிநிலத்தை அடைந்தது. அங்கே மரினா குடும்பத்தோடு அதற்குப் பலமுறை மோதல் நேர்ந்தது. இத்தகைய மோதல்களில் இரு திறத்தாரும் அணிதிரண்டு கூக்குரலிட்டுப் பாய்வர். கடியுண்டு இறப்பனவும் உண்டு. தோற்ற குடும்பம் நீரை இழக்கும். நீரை இழந்தால் உணவை இழக்கும். முதலில் மடிவன குட்டிகளே. கரையில் நின்ற மக்கள் இதனைக் கண்டு கலங்கினர். பெயரிட்டு வளர்ச்சி கண்ட பிள்ளைகள் ஒன்றையொன்று கொல்வதைப் பார்ப்பது போன்ற கலக்கம் அது.

இன்னும் கொடியது ஒன்றுண்டு. வளர்ந்த மகளோ மகனோ பிறந்த வீட்டை விட்டு நீங்கி, வேறு குடியிற் பிறந்ததோடு இணைந்து புதுக்குடும்பம் அமைத்தபின், பிறந்த வீட்டாரே அவர்க்கு அயலாராகின்றனர். பங்காளிச் சண்டை என்று நம்மவர் சொல்வதற்கு ஆற்றிலும் சான்று உண்டு. ஓங்கில்களுக்கு வாய்த்ததுபோல் குடும்பத்துக்கு அப்பாற்பட்ட கூட்டு நீர்நாய்க்கு வாய்க்கவில்லை. அதன் அன்பு ஆழமானது. ஆனால் அகலம் குறைந்தது. சிறிய தீவில் ஆறுகளும் சில, குடும்பங்களோ பெருகிவந்தன. 2010களின் இறுதியில் நூற்றுக்குக் குறைவாக இருந்த நீர்நாய்கள், 2020களின் தொடக்கத்தில் நூற்றைம்பதைக் கடந்தன. நீரில் இடம் போதாதவை நிலத்தில் வழி தேடின.

சிராங்கூன் சாலையில் ஒரு குடும்பம்

2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், கொவிட்-19 கிருமித்தொற்றை முறியடிக்கச் சிங்கப்பூர் தன் வாசல்களை மூடிக்கொண்டது. சாலைகள் வெறிச்சோடின. அந்நாட்களில் ஸூக் குடும்பத்து நீர்நாய்கள் கால்வாயை விட்டேறி நகர்வலம் வந்தன. லிட்டில் இந்தியாவின் முஸ்தபா பேரங்காடிக்கு வெளியே அவை வரிசையாக ஓடின. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் முன்கூடத்திலும் புகுந்தன. அக்காட்சிகள் உலகெங்கும் பரவின. மக்கள் சிரித்தனர், மகிழ்ந்தனர்.

அச்சிரிப்புக்கு அடியில் நினைக்க வேண்டியதும் ஒன்று இருந்தது. சிராங்கூன் சாலை, தமிழகத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் ஞாயிறுதோறும் கூடும் இடம். மனைவி மக்களைப் பிரிந்து வந்தவர்கள் ஊர்க்காரரைக் கண்டு பேசி, வீட்டுக்குப் பணம் அனுப்பி, ஊர்ச்சோறு உண்டு ஆறுதல் அடைவது அங்கேதான். அவ்வாண்டில் அவர்கள் தங்குவிடுதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தனர். குடும்பத்தைப் பிரிந்தோர் நடக்கும் வீதியில், அவர்கள் இல்லாத நேரத்தில், ஒரு விலங்குக் குடும்பம் பிரியாது நடந்து சென்றது. ஒரு காலத்தில் எருமை மேய்ந்த ஈரநிலத்தின்மேல் எழுந்த வீதி அது. நீர்நாயின் காலடிக்கு அது முற்றிலும் அயல்நிலமும் அன்று.

மனிதனின் பங்கு

நெருங்கி வாழ்வதில் உரசலும் உண்டு. வீட்டுக் குளங்களில் ஆசையோடு வளர்த்த கோய் மீன்களை நீர்நாய்கள் ஒரே இரவில் தின்று தீர்த்தன. அவற்றை அகற்ற வேண்டும் என்னும் குரலும் எழுந்தது. 2021 நவம்பர் இறுதியில், விடியும் பொழுதில், தாவரவியல் பூங்காவில் உலாவிக்கொண்டிருந்த ஒருவரைக் கூட்டமொன்று சூழ்ந்து கடித்துக் காயப்படுத்தியது. அது மிருகக் கொடுமையன்று; அச்சுற்ற குடும்பம் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. குட்டிக்குக் காவல் நிற்கும் அதே பல்தான் மனிதனையும் கடிக்கிறது. ஒன்றைப் போற்றி மற்றொன்றைத் தூற்றுவதில் நேர்மை இல்லை.

இவற்றை உணர்ந்தே, 2016இல் தேசியப் பூங்காக் கழகம், விலங்கு நல அமைப்புகள், ஆய்வாளர், தன்னார்வலர் ஆகியோர் கொண்ட நீர்நாய்ப் பணிக்குழு அமைந்தது. சாலையில் சிக்கியவற்றுக்கு வழிவிட வாகனங்களை நிறுத்துதல், காயமுற்றதற்கு மருத்துவம் செய்தல், தவறிய குட்டியைத் தன் குடும்பம் இருக்கும் இடம் தேடிச் சேர்த்தல், குளங்களுக்கு வேலியிட அறிவுறுத்துதல் ஆகியன நடைபெற்றுவருகின்றன. 2020 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டம், காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பதைக் குற்றமாக்கியது. இரக்கம்கூட எல்லை அறிந்து நடக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. மனிதர் ஊட்டும் விலங்கு மனிதரை அஞ்சாது. அஞ்சாத விலங்குக்கும் மனிதருக்கும் இடையே பகை விரைவில் மூளும்.

தவறிய குட்டியைக் குடும்பத்தோடு சேர்க்கும் பணி இவ்வரலாற்றின் உட்பொருளை விளக்கப் போதுமானது. குட்டியைக் கூவி ஏற்பது அதன் தாய்தந்தையரும் உடன்பிறந்தாருமே. வழியில் கண்ட வேறொரு நீர்நாய்க் குடும்பம் அதனை ஏற்பது அரிது, கொல்லவும் கூடும். ஆனால் கால்வாயில் இறங்கி அதனைத் தூக்கியெடுத்த மனிதன் அதற்கு எவ்வகையிலும் உறவினன் அல்லன். தன் குடிக்கு அப்பால் கை நீட்டுதல் அவனுக்கு இயன்றது. ஆறு தூய்மையானதும் அவ்வாறே. தம் வீட்டை விட்டுப் பெயர்ந்தவர்களும், சேற்றை வாரியவர்களும், தாம் பெயரறியாத தலைமுறைகளுக்காகவே அதனைச் செய்தனர். அந்தத் தலைமுறைகளுள் நீர்நாயும் ஒன்று என்பது அவர்களுக்கு அன்று தெரியாது.

மென்மயிர் நீர்நாய் உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அது நகரின் நடுவே பெருகுவது அரிய நிகழ்ச்சி. குடும்பப் பிணைப்பு அதனை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது. இனி அது நிலைப்பது அப்பிணைப்பால் மட்டும் ஆவதன்று. கரையில் நிற்கும் மனிதன் எவ்வளவு இடம் விடுகிறான், எவ்வளவு பொறுக்கிறான் என்பதையும் பொறுத்தது. ஒருமுறை ஆற்றை இழந்து, பெரும்பாடுபட்டு மீட்ட நகரத்துக்கு இதனைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.